பதிலுக்கு ஐந்து விநாடி

போன வருஷம் தை மாதத்தில் ஒரு நாள், காலை எட்டு மணி, கள்ளக்குறிச்சி பேருந்து நிலையம். அப்போது நான் மத்தியக் காவல் படைத் தேர்வுக்கு மூன்றாவது முறையாகப் படித்துக்கொண்டிருந்தேன்.

முதல் இரண்டு முறையும் கூட ஒரு தோழி இருந்தாள். ஒரே அறையில் தங்கியிருந்தோம். ஓடும்போதும் துவைக்கும்போதும் ஒருத்தி கேள்வி கேட்க இன்னொருத்தி பதில் சொல்வோம். இரண்டாவது முறை அவள் தேர்வாகி வடக்கே பயிற்சிக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு நூலகத்தில் எனக்கு எதிரே இருந்த நாற்காலியில் என் பையை வைத்துக்கொண்டேன்.

கேள்வி கேட்க ஆள் இல்லாததால் போனில் என் குரலிலேயே கேள்விகளைப் பதிவு செய்தேன். ஒரு கேள்வி, ஐந்து விநாடி மௌனம், பிறகு விடை. அரசியலமைப்பு, சட்டப் பிரிவுகள், மாநிலத் தலைநகரங்கள் என்று நூற்றுக்கணக்கில் சேர்ந்தன. சில நாட்கள் காலையிலிருந்து மாலை வரை என் காதில் விழுந்த ஒரே குரல் அதுதான்.

அன்றும் இயர்போனை மாட்டிக்கொண்டு டீக்கடை ஓரம் நின்றிருந்தேன். யாரோ தோளைத் தொட்டார்கள். நாற்பது வயது இருக்கும் ஒரு பெண். கையில் துணிக்கடைப் பை, பைக்குள் பிளாஸ்டிக் உறையில் ஒரு போட்டோ. கல்வராயன் மலையிலிருந்து முதல் பஸ்ஸில் இறங்கி வந்திருந்தார்.

"பாப்பா, நீ புக்கெல்லாம் வச்சிருக்கிற. உன்னாண்ட ஒண்ணு கேக்கணும்."

ஒரு காதிலிருந்து மட்டும் இயர்போனை எடுத்தேன். பதினான்கு வயது மகள் சின்னசேலத்தில் சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தாளாம். முந்தின நாள் மதியம் ஊருக்குக் கிளம்பியவள் வந்து சேரவில்லை. கணவர் கேரளாவில் மிளகு பறிக்கப் போயிருக்கிறார். ராத்திரி முழுக்க எல்லோருக்கும் போன் போட்டு, போனில் சார்ஜும் போய்விட்டது.

"வூடு மலையில இருக்குது. பொண்ணு காணாப் போனது சின்னசேலத்துல. நான் இங்க நிக்கிறேன். எந்த போலீஸ் டேசன்ல பாப்பா குடுக்கணும்?"

தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தக் கேள்வியைக் கேட்டாலும் மனசு அதை விடைப் பட்டியலாக மாற்றிவிடும். பொருந்தாததை அடித்துவிட்டு மிஞ்சியதன் வட்டத்தைக் கறுப்பாக்கிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவோம். நான் இரண்டை அடித்தேன்.

"எங்க காணாமப் போனாங்களோ அங்கதாங்க்கா குடுக்கணும். சின்னசேலத்துக்கே போயிடுங்க."

சின்னசேலம் வழியாகப் போகும் சேலம் பஸ் நிற்கும் இடத்தையும் காட்டினேன். அவர் ஓடிப் போய் ஏறினார். எல்லாம் இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. இயர்போனை மறுபடி மாட்டிக்கொண்டேன்.

பத்து மணிக்கு நூலகத்தில் சட்டப் பகுதியைக் கேட்டுக்கொண்டிருந்தேன். என் குரல் கேட்டது: "காணாமல் போன சிறுமியைப் பற்றி எங்கே புகார் கொடுக்கலாம்? வீடு இருக்கும் பகுதியின் காவல் நிலையம், காணாமல் போன பகுதியின் காவல் நிலையம், அருகில் உள்ள எந்தக் காவல் நிலையமும், மேற்கண்ட அனைத்தும்." ஐந்து விநாடி மௌனம். "மேற்கண்ட அனைத்தும். எந்த நிலையத்திலும் ஜீரோ எஃப்.ஐ.ஆர். பதிவு செய்யலாம்."

மாதிரித் தேர்வில் இதே கேள்விக்கு மூன்று முறை சரியாக விடை எழுதியிருந்தேன். அன்று காலை அந்த அக்கா நின்ற இடத்திலிருந்து காவல் நிலையம் நடக்கும் தூரம்தான்.

பையை எடுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன். சின்னசேலம் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று. காவல் நிலையத்துக்கு எதிர்ப்புறம், கடை ஓரத்தில், அவர் கையில் ஒரு வெள்ளைத்தாளோடு நின்றிருந்தார். தாளில் எதுவும் எழுதியிருக்கவில்லை.

"எழுதித் தர ஆளு தேடிக்கினு இருக்கேன் பாப்பா. அல்லாரும் வேல இருக்குதுன்றாங்க."

கடைப் பலகையில் வைத்து நான் எழுதினேன். அவருடைய போன் அணைந்து கிடந்ததால் என் எண்ணைப் போட்டேன். உள்ளே ஒரு பெண் காவலர் மனுவை வாங்கிப் படித்தார். சலித்துக்கொள்ளவில்லை, உடனே எழுந்தார். ஆனால் கேட்டார்.

"ஏம்மா, எட்டு மணிக்கே கள்ளக்குறிச்சிக்கு வந்துட்டேன்றீங்க. அங்கயே குடுத்திருக்கலாமே? எந்த டேசன்லயும் வாங்குவாங்க. மூணு மணி நேரம் போச்சு பாருங்க. யாரு இங்க வரச் சொன்னது?"

நான் கையில் இருந்த புத்தகத்தைத் திருப்பிப் பிடித்தேன்.

"யாரும் சொல்லலைங்க. எனக்குத் தெரியாமத்தாங்க வந்துட்டேன்" என்றார் அக்கா.

காவலரின் பார்வை என் கையில் இருந்த புத்தகத்தில் விழுந்தது. "நீ எக்ஸாமுக்குப் படிக்கிறியா? ஜீரோ எஃப்.ஐ.ஆர். எல்லாம் படிச்சிருப்பியே?"

"படிச்சிருக்கேன் மேடம்."

அவ்வளவுதான் சொன்னேன்.

போட்டோவைப் போனில் படம் பிடித்து அக்கம்பக்கத்து நிலையங்களுக்கெல்லாம் அனுப்பினார்கள். நாங்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். பிறகு நான் சொன்னேன்: "அக்கா, நான்தான் தப்பா சொல்லி அனுப்பிட்டேன்."

"அந்தம்மா கேக்கும்போதே தெரிஞ்சிச்சு."

"அப்புறம் ஏங்க்கா சொல்லல?"

"நீ போலீசுக்குப் படிக்கிற பொண்ணு. அந்த எடத்துல உம்பேரு எதுக்குக் கெடணும்? பஸ் ஏறி வந்தியே, அது போதும் வுடு."

பன்னிரண்டேகால் மணிக்கு என் போன் அடித்தது. உள்ளே இருந்த காவலர்தான். மனுவில் இருந்த எண்ணைப் பார்த்து, நாங்கள் வாசலிலேயே இருப்பது தெரியாமல் கூப்பிட்டிருக்கிறார். பெண் சேலத்தில் இருக்கிறாள். எதிர்த்திசை பஸ்ஸில் ஏறித் தூங்கிவிட்டாள். பேருந்து நிலையத்தில் பூ விற்கும் ஒருவர் ராத்திரி தன் வீட்டில் வைத்திருந்து, காலை ஏழு மணிக்குக் காவல் நிலையத்தில் விட்டிருக்கிறார். அணைந்து கிடந்த அம்மாவின் எண்ணுக்கு அவர்கள் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள். போட்டோ போனதும் அடையாளம் தெரிந்துவிட்டது.

நான் கணக்குப் போட்டேன். எட்டு மணிக்கே மனு போயிருந்தால் ஒன்பதரைக்குத் தகவல் வந்திருக்கும். மீதி நேரம் முழுக்க ஒரு குழந்தை தெரியாத ஊரில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தது என்னால்.

அக்கா பெண் காவலரோடு சேலம் பஸ் ஏறினார். ஜன்னல் வழியாகக் கையை ஆட்டினார். நான் எதிர்ப்பக்கம் போய் கள்ளக்குறிச்சி பஸ்ஸுக்கு நின்றேன். அவர் எண்ணை நான் வாங்கவில்லை. என் எண் அந்த மனுவில் மட்டும்தான் இருக்கிறது.

இந்த வருஷமும் தேர்வு எழுதியிருக்கிறேன், முடிவு வரவில்லை. இப்போதும் அதே பதிவுகளைத்தான் கேட்கிறேன். அந்த ஒரு கேள்வி வரும்போது மட்டும், விடைக்காக நான் விட்ட ஐந்து விநாடி மௌனத்தில், என் குரல் வருவதற்கு முன்னால், "எனக்குத் தெரியாமத்தாங்க வந்துட்டேன்" என்று அந்த அக்கா சொல்வது கேட்கிறது.