நாகபூசணியின் கோர்ட்டும் நாலு பிள்ளைகளும்

நாகபூசணி எனக்கு மருமகள் முறை, நான் அவளுக்கு மாமி. என் ஒன்றுவிட்ட அண்ணரின் கடைசி மகள். இத்தாலியில் பலேர்மோ நகரத்துக்கு வந்து சேர்ந்த எங்கள் ஆட்களில் வெள்ளைக்காரனைக் கட்டியவள் அவள்தான் முதல். அதற்காக அவளுடைய பெரியம்மா மூன்று வருடம் அவளோடு கதைக்காமல் இருந்தார். பிறகு மாப்பிள்ளை நுன்சியோ தன் கையால் சுட்டுக் கொண்டுவந்த எள்ளுப் பாணை ஒருநாள் தின்று பார்த்தார். அன்றைக்கே கதைத்துவிட்டார்.

நுன்சியோவுக்கு, அவர்கள் குடியிருந்த கால்சாப் பகுதியிலேயே போறணை வேலை. இரவெல்லாம் பாண் சுட்டுவிட்டு, காலை எட்டு மணிக்குத் தலையெல்லாம் மாவோடு வீட்டுக்கு வருவான். தமிழில் அவனுக்குத் தெரிந்த சொற்கள் 'வா', 'சாப்பிடு', பைத்தியத்துக்கு 'விசர்' என்று ஒரு கை விரலுக்குள் அடங்கும். நல்ல மனிதன்.

மகள் ஜூலியா பிறந்த பிறகு நாகபூசணி சின்யோராக்கள் என்கிற இந்த ஊர் எஜமானிமாரின் வீட்டுவேலையை விட்டுவிட்டாள். அதற்குப் பதிலாக எங்கள் ஆட்களின் பிள்ளைகளைத் தன் வீட்டில் வைத்துப் பார்த்தாள். ரதியின் மகன் கஜானன், ஞானம்பிகையின் மகள் லக்ஷனா, மொரீசியஸ்காரன் பெர்னாரின் மகன் ஃப்லோரியான். ஜூலியாவோடு சேர்த்து நாலு. மூத்தவனுக்கே நாலரை வயதுதான். அரசாங்கப் பாலர் பள்ளியில் இடம் கிடைப்பது அந்த நாளில் குதிரைக்கொம்பு. தாய்மார் வேலைக்குப் போவதென்றால் நாகபூசணியின் கதவு திறந்திருக்க வேண்டும்.

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு தை மாதம் ஒருநாள் அந்தக் கதவை ஒரு தொப்பிக்காரர் தட்டினார். நகரசபை ஆள். அனுமதி இல்லாமல் பிள்ளைகளை வைத்திருப்பதற்குத்தான் வந்துவிட்டார்கள் என்று அவள் நினைத்தாள். மூன்று பிள்ளைகளையும் குளியலறைக்குள் தள்ளி, "மூச்சுக் காட்டக் கூடாது" என்று சொல்லிவிட்டு, ஜூலியாவை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவைத் திறந்தாள். அவர் கடதாசியை நீட்டி அவள் கையெழுத்து வைப்பதற்குள், மூன்றும் தலையில் துவாயைப் போட்டுக்கொண்டு வரிசையாக வெளியே வந்தன.

"எல்லாம் உங்கள் பிள்ளைகளா, சின்யோரா?"

"ஆமாம், எல்லாம் என்னுடையதுதான்."

அவர் சுருட்டை முடி ஃப்லோரியானைப் பார்த்தார், கஜானனைப் பார்த்தார், வெள்ளைத் தோல் ஜூலியாவைப் பார்த்தார். "உங்கள் கணவர் போறணைக்காரர் இல்லையா? ஒவ்வொன்றையும் ஒவ்வொரு சூட்டில் எடுத்திருக்கிறார்" என்று சொல்லித் தொப்பியைத் தொட்டுவிட்டுப் போய்விட்டார்.

கடதாசி வேறு விஷயம். கொலை போன்ற பெரிய வழக்குகளில் இந்த நாட்டு நீதிபதிமாரோடு ஊர்ச் சனத்திலிருந்து ஆறு பேரையும் இருத்துவார்கள். இரண்டு பகுதியும் சேர்ந்துதான் தீர்ப்புச் சொல்லும். குலுக்கல் போட்டு எடுப்பார்கள். இந்த நாட்டுக் குடியுரிமை வேண்டும், முப்பது வயது தாண்டியிருக்க வேண்டும், எட்டாம் வகுப்புப் படித்திருக்க வேண்டும். கலியாணத்தால் குடியுரிமை வந்தது. ஜூலியா வயிற்றில் இருக்கும்போதே பின்னேரப் பள்ளிக்கூடம் போய், மூச்சு வாங்க வாங்க எட்டாம் வகுப்பும் பாஸ் பண்ணியிருந்தாள். மூன்று மாதத்துக்கு அவள் நீதிமன்றத்துக்கு வரவேண்டும் என்று எழுதியிருந்தது.

வியாழக்கிழமை பின்னேரம் எல்லோரும் அவள் வீட்டில் கூடினோம். வியாழன் பின்னேரம் வீட்டுவேலைக்காரருக்கு லீவு. இது இந்த நாட்டின் பழைய வழக்கம். எங்கள் சனத்துக்கு அது அரைவாசிப் பெருநாள். கலியாணம் பேசுவதும், சாமான் வாங்குவதும், சண்டை பிடிப்பதும், சமாதானமாவதும் வியாழன் பின்னேரம்தான். நான் அப்போது ஒரு வீட்டோடு தங்கி வேலை செய்தேன். எனக்கும் வெளிக்கிட முடிந்தது அன்றைக்குத்தான்.

"நாகு, சுகமில்லை எண்டு எழுதிக் குடு" என்றாள் ஞானம்பிகை. "கோர்ட்டில இருந்து பேர் வந்தா இந்த ஊர் வெள்ளைக்காரரே கொலைகாரரின்ரை ஆக்களுக்குப் பயந்து கட்டிலில விழுந்து படுக்கினம். உனக்கென்ன?"

"சின்னப் பிள்ளை இருக்கு எண்டு எழுதினாலும் விடுவினம் அக்கா" என்றாள் ரதி.

"தெரியும்."

"பிறகென்ன?"

"குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோரில பெர்மெஸ்ஸோவுக்காக எத்தினை வருசம் நிண்டனான், ரதி? இஞ்சை நில், அங்கை நில், நாளைக்கு வா. இப்ப அவங்களே கூப்பிட்டு, வந்து கதிரையில இரு எண்டுறாங்கள். ஒருக்கா இருந்து பாக்கப் போறன்."

"நீங்கள் கதிரையில இருந்தா என்ரை பிள்ளை எங்கை இருக்கிறது?"

அதுதான் கேள்வி. ரதியின் கணவர் இராஜதுரை செஃபலூவில் ஒரு விடுதிக் குசினியில் வேலை. பதினைந்து நாளைக்கு ஒருமுறைதான் வருவார். ரதி பொலிதேயாமாப் பக்கம் ஒரு கிழவிச் சின்யோராவிடம் வேலை செய்தாள். பிள்ளைக்காரிக்கு வேலை இல்லை என்று அந்தச் சின்யோரா முதலே சொல்லியிருந்ததால், தனக்குப் பிள்ளை இல்லை என்று ரதி பொய் சொல்லித்தான் சேர்ந்தவள். பிள்ளையைப் பார்க்க ஆள் இல்லாவிட்டால் வேலை போகும். வேலை போனால், இந்த நாட்டில் தங்குவதற்கான பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்க முடியாது. அது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். பிள்ளையை மறைத்த கதையை மட்டும் நாகபூசணியிடமும் என்னிடமும்தான் அவள் சொல்லியிருந்தாள்.

நாகபூசணி யோசித்துக்கொண்டே நாலு பிள்ளைகளுக்கும் மூக்குத் துடைத்துவிட்டாள். பிறகு சொன்னாள்: "கோர்ட் திங்கள், புதன், வெள்ளி. காலமை நுன்சியோ வீட்டில. மத்தியானத்துக்குப் பிறகு அவரும் நித்திரை கொள்ள வேணும், அப்பதான் ஆள் வேணும். நீங்கள் எல்லாரும் ஒரே வியாழன் லீவை வைச்சுக்கொண்டு இருந்தா ஆருக்குப் பிரயோசனம்? ரதி திங்களுக்கு மாத்து. ஞானம் புதனுக்கு. பெர்னார் வெள்ளிக்கு."

வியாழனை விடுவதா?

"வியாழன் இல்லாட்டி நான் ஆரோட கதைக்கிறது?" என்றாள் ஞானம்பிகை.

"மூண்டு மாசம் வாயை மூடிக்கொண்டு இரன். பல்லுக்கும் ஓய்வு."

பெர்னாருக்குத் தமிழ் அரைகுறை. அவன் இத்தாலிய மொழியில், "எனக்கு வெள்ளி நல்லது, மீன் வாங்க வசதி" என்றான். அப்படி முடிவானது.

ஞானம்பிகையின் சின்யோராவுக்கு உள்ளதைச் சொன்னார்கள். முணுமுணுத்துவிட்டு ஒத்துக்கொண்டாள். பெர்னார் அலுவலகங்களின் படிக்கட்டுக் கழுவுகிறவன். படிக்கட்டுக்கு எந்தக் கிழமையும் ஒன்றுதான். ரதிக்குத்தான் சங்கடம். பிள்ளை இருப்பதைச் சொல்ல முடியாது. அவள் என்ன செய்தாள் தெரியுமா? "எங்கள் சிவபெருமானுக்குத் திங்கட்கிழமை விரதம். பின்னேரம் கும்பிடப் போகவேண்டும்" என்று சொல்லிவிட்டாள்.

சின்யோரா பெரிய பக்திக்காரி. உருகிப்போனாள். உடனே லீவைத் திங்களுக்கு மாற்றிக் கொடுத்தாள். ஆனால் விரதக்காரிக்குச் சாப்பாடு கொடுப்பது பாவம் அல்லவா? திங்கட்கிழமை காலையிலிருந்து ரதிக்கு ஒரு வாய்க் கோப்பிகூட இல்லை. அலுமாரியில் பிஸ்கட் டப்பாவையும் பூட்டிவைத்தாள், "சோதனைக்கு உட்படாதே மகளே" என்று சொல்லி. ரதி பசியில் கண் இருண்டு கால்சாவுக்கு ஓடிவந்து, பிள்ளைகளின் தட்டில் மிச்சம் கிடந்த பாஸ்தாவை வழித்து வழித்துத் தின்பாள்.

"நல்லாய்க் கும்பிடு" என்பாள் ஞானம்பிகை. "அடுத்த பிறவியிலயாவது புத்தி வரும்."

மற்றபடி எல்லாம் சோக்காகப் போனது. காலையில் நுன்சியோ நிலத்தில் மெத்தையைப் போட்டுப் படுப்பான். பிள்ளைகள் அவன் முதுகில் ஏறி வண்டி ஓட்டும். நித்திரை வராவிட்டால் மாவைக் குழைத்து நாலு பேருக்கும் கொடுப்பான். மத்தியானம் போனால் எந்தப் பிள்ளை யாருடையது என்று தெரியாது, எல்லாம் வெள்ளை. வெள்ளிக்கிழமை பெர்னார் தன் ஊர்ப் பாட்டுக் கசெற்றைப் போட்டு ஆடவிடுவான்.

நாகபூசணி கோர்ட்டில் தோளுக்குக் குறுக்கே பச்சை, வெள்ளை, சிவப்புப் பட்டி கட்டிக்கொண்டு, நீதிபதிக்குப் பக்கத்தில் உயரத்தில் இருந்தாள். தண்ணீர்த் தகராறில் நடந்த ஒரு கொலை என்பது மட்டும் எங்களுக்குத் தெரியும். அவள் ஒன்றும் சொல்லமாட்டாள்.

"ஆள் பாக்க எப்பிடி?" என்று ஞானம்பிகை துளைப்பாள்.

"ரெண்டு கண், ஒரு மூக்கு."

"செய்தவனோ, இல்லையோ?"

"நீ கோர்ட்டுக்கு வந்து கேள். சனத்துக்கும் வாங்கு போட்டிருக்கு."

பங்குனி மாதம் நடுவில் ஒரு புதன்கிழமை அவள் வீட்டுக்கு வந்து, பிள்ளைகளை எடுக்க வந்திருந்தவர்களிடம், "நாளைக்குத் தீர்ப்பாம். எங்களை ஒரு அறைக்குள்ள விட்டுப் பூட்டுவினம். முடிவு எடுக்கிறவரைக்கும் வெளியில வரேலாது, போனும் இல்லை" என்றாள்.

"நாளைக்கு வியாழன்தானே. எங்களுக்கெல்லாம் லீவு, யோசிக்காதேங்கோ" என்றாள் ரதி.

சொல்லி முடித்த பிறகுதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். வியாழன் லீவு இப்போது ஒருத்தருக்கும் இல்லை. எல்லோரும் அதைக் கொடுத்துவிட்டார்கள். என்னையோ அந்த வாரம் என் சின்யோரா வெளியூருக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தாள். பலேர்மோவில் எங்கள் சனம் முழுக்க ஓய்வாக இருக்கிற ஒரே பின்னேரத்தில், இந்த மூன்று பேர் மட்டும் வேலை.

"நான் பார்க்கிறேன்" என்றான் நுன்சியோ. "மத்தியானத்துக்குள் முடிந்துவிடும்."

அடுத்த நாள் சூசையப்பர் திருநாளுக்கு முதல்நாள் என்பதை அவனும் மறந்துபோனான். சூசையப்பருக்குப் படைக்க இந்த ஊரில் வீட்டுக்கு வீடு பாண் வேண்டும். பின்னேரம் மூன்று மணிக்குப் போறணை முதலாளி வாசலில் நின்று கத்தினான். தீர்ப்பு இன்னும் வரவில்லை. நுன்சியோ நாலு பிள்ளைகளையும் பாண் கொண்டுபோகும் மூன்று சில்லு வண்டியில் பெட்டிகளுக்கு நடுவே ஏற்றினான்.

பெர்னாரின் கட்டடத்தில் ஃப்லோரியானை வாசல் காவலாளியின் மடியில் இருத்தினான். ஞானம்பிகையின் சின்யோரா வீட்டில் லக்ஷனாவைக் குசினி மேசைக்குக் கீழே விட்டான். கடைசியாக ஜூலியாவையும் கஜானனையும் தூக்கிக்கொண்டு ரதியின் சின்யோரா வீட்டு நாலாம் மாடிக்கு ஏறி மணியை அடித்தான். ரதியின் பொய் எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும் என்று சொன்னேன் அல்லவா, அவனுக்குத் தெரியாது.

சின்யோராதான் திறந்தாள்.

"ரதியின் மகனைக் கொண்டுவந்திருக்கிறேன்" என்றான்.

"ரதிக்கு மகன் இல்லை."

அந்த நேரம் பார்த்து ரதி, இஸ்திரி போட்ட துணிகளோடு பின்னால் வந்தாள். கஜானன் அவளைக் கண்டதும் நுன்சியோவின் கையிலிருந்து வழுக்கி இறங்கினான். தமிழில் இல்லை, இந்த ஊர் மீன்சந்தைக்காரர் பேசுகிற அதே இழுவை இத்தாலிய மொழியில், சின்யோராவுக்கு ஒரு சொல்லும் தவறாமல் விளங்கும்படி கேட்டான்: "அம்மா, இண்டைக்குத் திங்கட்கிழமையா? என்ரை பாஸ்தாவை எல்லாம் தின்னப் போறீங்களா?"

நுன்சியோ தனக்குத் தெரிந்த தமிழில் "விசர்" என்று சொல்லிவிட்டு, ஜூலியாவையும் உள்ளே விட்டு, போறணைக்கு ஓடிவிட்டான்.

நாகபூசணி வெளியே வந்தது ஏழு மணிக்கு. தீர்ப்பை வாசித்து முடித்ததும் நேரே போறணைக்குப் போய்ப் பிள்ளைகளைக் கேட்டாள். அவன் சொன்னதும் தலையில் கைவைத்தாள். "ரதியின் சின்யோரா வீட்டிலா? ஐயோ மனிதா!" பஸ்சுக்கு நிற்கப் பொறுமையில்லாமல் பாதித் தூரம் ஓடினாள். ரதிக்காக என்ன சொல்லி மன்றாடலாம் என்று யோசித்துக்கொண்டே நாலு மாடியும் ஏறினாள்.

சின்யோரா கதவைத் திறந்து, அவளை மேலும் கீழும் பார்த்தாள். உள்ளே இரண்டு பிள்ளைகளும் சோபாவில் குறுக்கும் மறுக்குமாக நித்திரை. ரதி அழுதழுது மூக்கு வீங்கி மூலையில் நின்றாள்.

"நீதான் அந்த நீதிபதியோ?"

"ஆமாம் சின்யோரா. பிழை என்னுடையது. நான் கோர்ட்டுக்குப் போகாவிட்டால்..."

"பொறு. பிள்ளையை மறைத்தாளே, அது எனக்கு விளங்குகிறது. சொல்லியிருந்தால் நான் வேலை கொடுத்திருக்க மாட்டேன். ஆனால் விரதம்! பங்குச் சாமியாரிடம் சொன்னேன், மாடியிலுள்ள எல்லோரிடமும் சொன்னேன். இந்தப் பெண்ணைப் பாருங்கள், பக்தி என்றால் இதுதான் என்று. இப்போது நான் எந்த முகத்தோடு படி இறங்குவது?"

சின்யோரா கதிரையை இழுத்து உட்கார்ந்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"சரி. அந்த அறைக்குள் என்ன நடந்தது? யார் என்ன சொன்னார்கள்?"

"அது சொல்லக் கூடாது சின்யோரா."

"நான் யாரிடமும் சொல்லமாட்டேன்."

"என் புருஷனிடமே சொல்லமாட்டேன்."

கிழவி அவளையும் ரதியையும் மாறிமாறிப் பார்த்தாள். "ஒருத்தி இல்லாததை எல்லாம் சொல்கிறாள். மற்றவள் இருப்பதைச் சொல்லமாட்டேன் என்கிறாள். உங்கள் ஊரில் நடுவாக ஒருத்தியும் இல்லையா?" என்று சொல்லிவிட்டு, அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். சிரித்து முடித்ததும் முகத்தை இறுக்கிக்கொண்டு, "சாமியாரிடம் நீயே போய்ச் சொல்ல வேண்டும், ரதி. நான் சொல்லமாட்டேன். இப்போது பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போ, சோபாவில் எச்சில் வழிகிறது" என்றாள்.

இரண்டு பேரும் ஆளுக்கொரு பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினார்கள். இரண்டாம் மாடியில் நாகபூசணி நின்று பிள்ளையைத் தோள் மாற்றிப் போட்டாள்.

"வேலையை விட்டுப் போ எண்டு சொன்னவவோ, நாளைக்கும் வா எண்டு சொன்னவவோ?" என்று மெல்லக் கேட்டாள்.

"நீங்கள் வர முன்னம் வெள்ளித் தட்டு எல்லாம் எடுத்து மேசையில வைச்சவ, அக்கா. விடிய வந்து மினுக்கட்டாம்."

"அப்ப காலமை எட்டு மணிக்குப் பிள்ளையைக் கொண்டு வா. நாளைக்குக் கோர்ட் இல்லை."

"ஏழரைக்கு வாறன்" என்றாள் ரதி. "தட்டு கனக்கக் கிடக்கு."