ஒரே அலசல்

தொண்ணூற்றொன்றில், மண்ணூர்ப் பக்கத்து மருந்து கம்பெனியில் வெள்ளைக் கோட்டுகளைத் துவைக்கிற ராட்சத மிஷினுக்குத் தனகோட்டிதான் ராஜா. மிஷின் ஒரு பிளாஸ்டிக் அட்டைக்குக் கட்டுப்பட்டது. அட்டை விளிம்பில் எங்கே வெட்டு விழுகிறதோ அதன்படி சலவைச் சோடா போடும், அலசும், பிழியும். மூன்று அலசலுக்கு வெட்டச் சொன்னார் சூப்பர்வைசர் அருள்நாதன்.

"மூணு தண்ணி மாத்தறதுக்கு அது இன்னா அரிசியா?" என்று முணுமுணுத்தபடி தனகோட்டி ஒரே அலசலுக்கு வெட்டினான். மிச்ச நேரத்தில் காய்ந்த கோட்டுக் குவியல்மேல் குறட்டை விட்டான். கோட்டுகள் பளிச்சென்றுதான் இருந்தன. போட்டவர்களுக்கெல்லாம் உடம்பு அரித்தது. பழி கொசுவுக்குப் போனது.

ஆடித் திருவிழாவுக்கு அருள்நாதனைக் கூழ் குடிக்க அழைத்திருந்தான். பந்தாவுக்குக் கம்பெனிக் கோட்டையே மாட்டிக்கொண்டு தெருவில் நின்றான். முறைப்பெண் தேசம்மா பின்னால் வந்து ஒரு குடம் மஞ்சள் தண்ணீரைத் தலையோடு கவிழ்த்தாள்.

கோட்டு மஞ்சளாகவில்லை. செக்கச்செவேலென்று சிவந்தது.

"ஐயோ, ரத்தம்!" என்று கூட்டம் சிதறியது. தனகோட்டியே மண்டையைத் தடவிக் காயத்தைத் தேடினான்.

தேசம்மா மட்டும் கோட்டைக் கிள்ளிப் பார்த்தாள். "ரத்தமும் இல்ல, ஒண்ணும் இல்ல. மஞ்சத்தண்ணியில சுண்ணாம்பு போட்டு ஆரத்தி கரைச்சா மாதிரி செவந்துகீது. இன்னா மாமா, சோடாவை அலசவே இல்லியா?"

அருள்நாதன் கூழ்ச்சொம்பைக் கீழே வைத்தார். மாதக்கணக்காக அரிக்கிற முதுகை இரண்டு கைகளாலும் சொறிந்துகொண்டே தனகோட்டியை நோக்கி நடந்தார்.