ஆன்டெனாவில் கட்டிய கொடி

அனகாபுத்தூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் பழைய டிவி ஆன்டெனா ஒன்று நின்றது. ஒளிபரப்பு டிஜிட்டலுக்கு மாறியதும் அதில் படம் வருவது நின்றுபோனது. செட்டாப் பாக்ஸ் வாங்கிவிட்டோம்.

"அத கழட்டி காயலான் கடைல போட்டுடலாம்" என்றார் கணவர்.

"இருக்கட்டுங்க, துணி காயப்போட ஆகும்" என்று நான்தான் தடுத்தேன். ஆன்டெனா குழாயிலிருந்து தண்ணீர்த் தொட்டி வரை இரும்புக் கம்பியால் கொடி கட்டினேன்.

சென்ற மழைக்காலத்தில் ஒரு மாலை பலத்த காற்றோடு தூறல் ஆரம்பித்தது. துணி எடுக்க மாடிக்கு ஓடினேன். கொடி தாழ்ந்திருந்தது. ஈரத்துணியின் பாரம் என்று நினைத்துக் கையை நீட்டினேன்.

"ஐயோ, தொடாதம்மா! மேல பாரு!" என்று எதிர்வீட்டு மாடியிலிருந்து ஃபாத்திமா அக்கா கத்தினார்.

பார்த்தேன். அடியில் துருப்பிடித்த குழாய் சாய்ந்து, சந்தில் போகும் மின்கம்பி மேல் கிடந்தது. படம் வராத ஆன்டெனாவில் மின்சாரம் வந்துகொண்டிருந்தது.

மின்வாரிய ஆட்கள் வந்து, தெருவுக்கே மின்சாரத்தை நிறுத்திவிட்டுத்தான் குழாயை இறக்கினார்கள்.

இப்போது நைலான் கயிற்றில்தான் துணி காய்கிறது. உபயோகம் முடிந்த பொருளுக்கு வேறு வேலை தேடித் தருவதில்லை. மழை வந்தால் முதலில் மேலே பார்க்கிறேன். அதற்குள் துணி நனைந்தால் நனையட்டும்.