ஸ்லாஷ் போட்ட டோக்கன்

கும்மிடிப்பூண்டியில் நான் வேலை பார்த்த இரும்பு ஆலையில், தற்காலிக ஆட்களின் டோக்கன் எண்ணுக்குப் பின்னால் ஒரு ஸ்லாஷும் ‘டி’யும் இருக்கும். 214 என்றால் நிரந்தரத் தொழிலாளி. 214/டி என்றால் வேறொரு ஆள், எப்போது வேண்டுமானாலும் கழற்றிவிடலாம். எழுபதுகளின் கடைசியில் வருகைப் பதிவுகள் துளை அட்டைகளாகி மெட்ராஸ் கம்ப்யூட்டருக்குப் போயின. யார் எத்தனை நாள் வந்தார் என்று தேடிச் சொல்லும் புரோகிராமை எழுதிய மேதாவி நான்.

எழுத்தும் எண்ணும் தவிர வேறு எந்தக் குறி வந்தாலும், சொல் அங்கே முடிந்தது என்று எழுதியிருந்தேன். அதனால் 214/டி-யின் அட்டையையும் கம்ப்யூட்டர் 214 என்றே படித்தது. ஒரே எண் ஒரே நாளில் இரண்டு முறை வந்தால் ஒன்றைத் தள்ளிவிடவும் நானே சொல்லியிருந்தேன். இரண்டு வருடம் விடாமல் வந்தவர்களை நிரந்தரமாக்க வேண்டும் என்று பட்டியல் கேட்டார்கள். அவர்கள் வந்த நாளெல்லாம் நிரந்தர ஆட்களின் கணக்கில் கரைந்து, ஸ்லாஷ் போட்ட ஒருவர்கூட ஒரு நாளும் வேலைக்கு வரவில்லை என்று அச்சாகி வந்தது.

உலைப் பக்கம் வேலை செய்த 214/டி நேராக என் மேஜைக்கே வந்துவிட்டார்.

“இன்னா சார், ரெண்டு வருசமா வந்துக்கினு கீறேன். ஒரு நாளுகூட வர்லன்னு போட்டுக்கீது?”

முழங்கை வரை தீக்காயத் தழும்பு. வேலைக்கே வராதவருக்கு அது எங்கே கிடைத்தது என்று கேட்க ஆளில்லை.

பத்து நிமிடத்தில் தப்பு பிடிபட்டது. மெட்ராஸிலிருந்து திரும்பி வந்திருந்த அட்டைகளைத் தூக்கிக்கொண்டு மேனேஜரிடம் ஓடினேன். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவர் சிரித்தார்.

“நல்ல தப்புய்யா இது. பட்டியல் மேலே போயாச்சு. கம்ப்யூட்டர் சொன்னா யூனியன்காரன்கூட வாயைத் திறக்க மாட்டான். அடுத்த மாசம் திருத்திக்கோ.”

என் வேலையும் அப்போது உறுதியாகவில்லை. சரி சார் என்றேன். இன்று நினைத்தாலும் என் மூஞ்சியில் நானே காறித் துப்பத் தோன்றுகிறது.

ஸ்லாஷ் போட்ட அத்தனை பேரையும் நிறுத்திவிட்டு, பத்து நாள் கழித்துப் புது ஆட்களாக எடுத்தார்கள். அவருக்கு 231/டி. இரண்டு வருடத்தை முதல் நாளிலிருந்து மறுபடி எண்ண வேண்டும்.

புது டோக்கனோடு வந்த அன்று, கேட்டில் என்னைப் பார்த்ததும் ஓடிவந்து கும்பிட்டார்.

“நீங்க சொல்லித்தான் சார் திரும்ப சேத்துக்கினாங்க. எங்க ஊட்டுப் புள்ளைங்க உங்க பேரச் சொல்லித்தான் சாப்புடுது.”

பதிலுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு உள்ளே போனேன்.