மெர்சியின் மேற்கோள் பட்டியல்

என் அக்கா மெர்சி இறந்த நாற்பத்தோராம் நாள் அவளுடைய மின்னஞ்சலுக்கு ஒரு கடிதம் வந்தது. அவளுடைய கட்டுரையை வெளியிடத் தயாராக இருப்பதாக ஓர் ஆய்விதழ் எழுதியிருந்தது. கடைசியிலுள்ள மேற்கோள் பட்டியலை மட்டும் அவர்கள் முறைப்படி திருத்தி இருபத்தொரு நாளுக்குள் அனுப்ப வேண்டும். தவறினால் கட்டுரை கைவிடப்பட்டதாகக் கருதப்படும். "அன்புள்ள மெர்சி" என்று தொடங்கிய அந்தக் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அக்டோபர் மழையில் வந்த டெங்கு அவளை ஆறே நாளில் கொண்டுபோயிருந்தது.

மேற்கோள் பட்டியல்தான் அவளுடைய வேலை. கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்துக்கு அருகில் ஒரு ஜெராக்ஸ் கடையில் பன்னிரண்டு வருடம் கணினி முன்னால் உட்கார்ந்திருந்தாள். சுற்றுவட்டாரக் கல்லூரி ஆசிரியர்கள் பென் டிரைவோடு வருவார்கள். ஓர் இதழுக்கு ஆண்டு அடைப்புக்குறிக்குள் வரவேண்டும், இன்னொன்றுக்குக் கடைசியில். ஓர் இதழ் முழுப்பெயர் கேட்கும், இன்னொன்றுக்குத் தலைப்பெழுத்து போதும். ஓரிடத்தில் திருப்பி அனுப்பிய கட்டுரையை அடுத்த இடத்துக்கு அனுப்ப, நூற்றிருபது வரிகளையும் புள்ளி புள்ளியாக மாற்ற வேண்டும். யாருக்கும் ஒரு கமாவைக்கூட விட்டுக்கொடுக்க மாட்டாள்.

பட்டியல் நீளமாக இருக்கிறது, பாதிப் பெயரைத் தூக்கிவிடு என்று ஒரு பேராசிரியர் சொன்னபோது நான் அருகில் இருந்தேன். அக்கா விடவில்லை.

"இன்னா சார், அவரு எழுதினத ரெண்டு பக்கம் எடுத்துப் போட்டுக்கினு, அவரையே தூக்கச் சொல்றீங்க? நாளைக்கு உங்கள ஒருத்தன் தூக்குவான். அப்ப என்னாண்ட வந்து பொலம்பாதீங்க."

"யம்மா தாயே, இருந்துட்டுப் போகட்டும். ஸ்பைரல் பைண்டிங்காவது போட்டுக் குடு" என்று அவர் சிரித்துவிட்டார்.

அடுத்தவர் ஆய்வுகளைத் தட்டித் தட்டியே அவளுக்கும் ஆசை வந்தது. அஞ்சல் வழியில் எம்.ஏ. முடித்தாள். முப்பத்தைந்து வயதில் பகுதி நேர ஆய்வுக்குப் பதிவு செய்தாள். அந்த விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் என்றொரு கட்டம் இருந்தது. நமக்கு ஏது குடும்பப் பெயர்? எட்வர்ட் என்று அப்பாவின் பெயரைப் போட்டாள். அன்றிலிருந்து ஆய்வு உலகத்துக்கு அவள் "எட்வர்ட், மெ." கழனி வேலைக்கும் பிறகு இரும்பு உருக்காலைக்கும் போய், கடைசிவரை கைநாட்டு வைத்த எங்கள் அப்பா, எந்தெந்தப் பட்டியலிலோ வரப்போகிறார் என்பதில் அவளுக்கு ஒரே சந்தோஷம்.

தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள முப்பத்தொரு கிணறுகளில் தண்ணீர் எந்த வருடம் சுவை மாறியது என்பதுதான் அவள் ஆய்வு. யார் காரணம் என்று அவள் எழுதவில்லை. எப்போது என்று மட்டும் எழுதினாள். அரசுப் பதிவேடுகளுக்காகத் திருவள்ளூர் கலெக்டர் அலுவலகத்துக்கு எத்தனையோ முறை அலைந்தாள். அதில் இல்லாததைக் கிணற்றுக்காரர்கள் சொன்னார்கள். மகளுக்கு மஞ்சள் நீராட்டு நடந்த வருடம், புயலடித்த வருடம் என்று அவர்கள் கணக்கில் சொன்னதை இவள் ஆண்டாக்கி எழுதிக்கொண்டாள். "உங்க பேரு புக்குல வரும்" என்று எல்லோருக்கும் வாக்குக் கொடுத்தாள்.

வாக்கைக் காப்பாற்றவும் செய்தாள். முப்பத்தொரு பேரையும் மேற்கோள் பட்டியலில் அகர வரிசையில் சேர்த்தாள். ஒரு ஜெர்மன்காரருக்கும் ஒரு டெல்லிப் பேராசிரியருக்கும் நடுவில் "குப்பம்மாள், வே. (2021). வீட்டுக் கிணறு. நேரில் சொன்னது" என்றிருந்தது. அச்சில் வந்தவை மட்டும்தான் அந்தப் பட்டியலில் இடம்பெறலாம் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. மற்றவர்களுக்கு அதே தவறை அவளே ஆயிரம் முறை திருத்தியிருக்கிறாள்.

அவளுடைய வழிகாட்டி அருணாச்சலம் சாரைத் தொலைபேசியில் அழைத்தேன்.

"அப்பவே சொன்னேம்மா, கேட்டாளா? 'நூலகத்துல இருக்கிறவனுக்குப் பேரு, வூட்ல இருக்கிறவளுக்குப் பேரு இல்லயா சார்'னு என்னையே மடக்கினா" என்றார். பிறகு வழி சொன்னார். பட்டியலிலிருந்து எடுத்துவிட்டுக் கட்டுரைக்குள் கிணறு ஒன்று, கிணறு இரண்டு என்று எண் கொடுக்கலாம். பெயர் வந்தே ஆகவேண்டுமென்றால் நன்றிப் பகுதியில் போடலாம். ஆனால் ஒவ்வொருவரிடமும் சம்மதக் கையெழுத்து வாங்கி அனுப்ப வேண்டும். அவர்களுடைய பாதுகாப்புக்காக வைத்த விதி அது.

நான் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். வேலை முடிந்ததும், ஞாயிறு ஆராதனை முடிந்ததும், அக்காவின் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். நான்கு பேர் இறந்திருந்தார்கள். ஐந்து வீடுகள் இருந்த இடத்தில் கிடங்குகள் வந்துவிட்டன. ஒன்பது பேர் கையெழுத்துப் போட்டார்கள்.

மற்றவர்கள் மறுத்தார்கள். தணிகாசலம் என்பவர் வாசலிலேயே நிற்க வைத்துப் பேசினார்.

"பேரு போட்டா கம்பெனிக்காரன் பாப்பானா?"

"அதுல கம்பெனி பேரே இல்லண்ணே."

"கெணறு கீதில்ல?"

காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ஸ்கூட்டியைக் கிளப்பினேன்.

குப்பம்மாள் வீட்டுக்குக் கடைசியாகப் போனேன். நிச்சயமாகக் கிடைக்கும் கையெழுத்து என்று அதை ஒதுக்கி வைத்திருந்தேன். அக்காவைச் சவப்பெட்டியில் வைத்தபோது, "எம் பேர எழுதிக்கினு போனியேடி" என்று அழுதவர் அவர்தான்.

"வா கண்ணு. அக்கா புக்கு வந்துடுச்சா?"

"வரப்போவுது பெரிம்மா. நீங்க இதுல ஒரு கையெழுத்து போடணும்."

காகிதத்தை மடியில் வைத்துப் பேனாவை இறுக்கிப் பிடித்தார். "கு" என்று எழுதினார். நிறுத்தினார்.

"இத எங்க அனுப்புவ?"

சொன்னேன். யார் வேண்டுமானாலும் படிக்கலாமா என்று கேட்டார். படிக்கலாம் என்றேன். அவர் உள்ளே திரும்பிப் பார்த்தார். தொழிற்பேட்டைக் கம்பெனிக்குப் போகும் மகன் அன்புசெல்வனின் நீலச் சீருடை கொடியில் தொங்கியது.

"அன்பு ஏழு வருசமா காண்ட்ராக்ட்லயே கீறான் கண்ணு. இந்த வாட்டிதான் பர்மனென்ட் லிஸ்ட்ல பேரு போயிருக்குது."

காகிதத்தை வாங்கக் கை நீட்டினேன். அவர் உடனே கொடுக்கவில்லை.

"உங்க அக்கா இருந்தா இன்னா சொல்லியிருப்பா?"

"திட்டியிருப்பா."

"ஆமா. திட்டிட்டு, 'டீ போடு பெரிம்மா'ன்னு குந்திக்கினு இருப்பா." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எம் பேர எடுத்துடு. கெணறு இருக்கட்டும். அதையும் எடுத்துடாத."

இருபதாம் நாள், அலுவலக மதிய இடைவேளையில் பட்டியலைச் சரி செய்தேன். ஒவ்வொரு பெயராகத் தேர்ந்தெடுத்து அழித்தேன். அழித்த இடத்தில் கீழே இருக்கும் வரி தானாக மேலே ஏறிக்கொள்கிறது. இடைவெளி கூட மிஞ்சுவதில்லை. கட்டுரைக்குள் முப்பத்தொரு கிணறுகளுக்கும் எண் கொடுத்து, நன்றிப் பகுதியில் ஒன்பது பெயர்களை எழுதினேன். அனுப்பினேன். பத்து நாளில் கட்டுரை வெளிவந்துவிட்டது. அக்கா பெயருக்குப் பக்கத்தில் சிறிதாக ஒரு சிலுவைக் குறி. இறந்தவர் என்று பொருளாம்.

எல்லோரும் என்னைப் பாராட்டுகிறார்கள். அக்காவின் உழைப்பு வீண்போகவில்லை என்கிறார் சார். ஆனாலும் ஒன்று எனக்குத் தெரியும். மறுத்த பதிமூன்று பேர் வீட்டுக்கும் அவள் இன்னொரு முறை போயிருப்பாள். இன்னும் ஒரு நாள் மீதமிருந்தது. நான் போகவில்லை.