பாலத்துப் படத்தில் அம்மா இல்லை

இன்று சாயங்காலம் பெர்மாஸ் ஜெயாவில் ஒரு கடையில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தபோது, அம்மா போயிருக்கும் பால்கன் சுற்றுலாக் குழுவின் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. மோஸ்டார் நகரத்துப் பழைய கல் பாலத்தின் மேல் எல்லோரும் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

அம்மா மட்டும் இல்லை.

பெரிதாக்கி ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். இல்லை. அப்பா தவறிப்போன பிறகு அம்மா தனியாகப் போகும் முதல் பயணம் இது. போகச் சொல்லி வற்புறுத்தியவளே நான்தான்.

அம்மாவின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. டூர் லீடரைக் கூப்பிட்டேன்.

"அலமாக்! ஆன்ட்டி பின்னாலதான வந்தாங்க! இருங்கக்கா, பார்த்துட்டுக் கூப்பிடறேன்."

வெண்டைக்காயை அப்படியே போட்டுவிட்டு வெளியே வந்து படியில் உட்கார்ந்தேன். திரும்பத் திரும்ப அம்மாவின் எண்ணையே அழுத்தினேன்.

கடைசியில் அம்மாவே கூப்பிட்டார்.

"பாலம் வழுக்குதும்மா, நான் ஏறல. இங்க கடை வச்சிருக்கிற ஒரு அம்மா உக்கார வச்சு காப்பி கொடுத்தாங்க. போன் பைக்குள்ள இருந்துச்சு."

"என்ன பாஷையில பேசினீங்க?"

"அவங்க அவங்க பாஷையில, நான் தமிழ்ல. மகன் படத்தைக் காட்டினாங்க. ஜெர்மனியில இருக்கானாம். போனே பண்றதில்ல போல, பாவம் லா."

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. "நான் எத்தன தடவ கூப்பிட்டேன் தெரியுமா?"

"மிஸ்டு காலெல்லாம் இப்பதான் பார்த்தேன். அவங்ககிட்டயும் காட்டினேன். ரொம்பப் பொறாமைப்பட்டாங்க."

இன்னும் குரோஷியா பாக்கி இருக்கிறது. அம்மாவைச் சுற்றுலா அனுப்பிவிட்டு நிம்மதியாகச் சோறு தின்னும் மக்களே, எப்படி என்று எனக்கும் கொஞ்சம் சொல்லுங்கள்.