சத்தம் போட்டுப் பழக்கிய நாய்

நான் பத்தாவதோடு நின்றவன். போலீஸ் நாய்களைப் பழக்கி ஓய்வு பெற்ற ஒருவரிடம் வேலை கற்றேன். மனிதர்களிடம் எனக்குப் பேச்சு வராது. நாயிடம் மட்டும் தெருவே திரும்பிப் பார்க்கும்படி ‘சிட்’, ‘ஸ்டே’ என்று கத்துவேன். நாய்க்கு இங்கிலீஷில் அதட்டினால்தான் புரியும் என்று ஊரில் எல்லோரையும் போல நானும் நம்பினேன்.

மதுரை கே.கே. நகரில் மாடியில் வாடகைக்கு இருந்த ஒரு பெண் கூப்பிட்டார். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை, தனியாள். துணைக்கு ஒரு சிப்பிப்பாறை நாய். யார் படியேறினாலும் பாயும். ஒரு மாதத்துக்குள் அது அடங்காவிட்டால் அனுப்பிவிட வேண்டும் என்று வீட்டுக்காரர் சொல்லியிருந்தார்.

முதல் நாளே சங்கிலியைச் சுண்டி அதட்டினேன். லேப்ரடாராக இருந்தால் உடம்பை உதறிவிட்டு மறுபடி என் கையிலிருக்கும் பொறை ரொட்டிக்கு வந்து நிற்கும். இது வாலை வயிற்றுக்குள் இடுக்கி உட்கார்ந்தது. பொறையை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. சொன்னதைக் கேட்கிறது என்று எடுத்துக்கொண்டேன்.

அந்தப் பெண்ணுக்கோ குரலே எழும்பவில்லை. ‘சிட்’ என்று சொல்லிவிட்டுத் துப்பட்டாவால் வாயை மூடிக்கொள்வார்.

“சத்தமாச் சொல்லுங்கம்மா.”

“தெருவுல எல்லாரும் பாக்குறாகண்ணே.”

ஒரு வாரம் போனதும், இந்த அதட்டும் முறை உங்களுக்கும் நாய்க்கும் ஒத்துவராது, மாற்றிப் பார்க்கலாம் என்று சொல்ல நினைத்தேன். கோரிப்பாளையம் சிக்னலில் நிற்கும்போது சொல்லியும் பார்த்துக்கொள்வேன். அவர் வாசலில் வாய் திறக்காது. பழையபடி கத்திவிட்டு வருவேன்.

மூன்றாவது வாரம் கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் மேல் நாய் பாய்ந்தது. அந்தப் பெண் சொன்ன ‘சிட்’ அதன் காதில் ஏறவே இல்லை. வந்தவர் படியில் சறுக்கி முழங்கையைப் பெயர்த்துக்கொண்டார்.

மறுநாள் வீட்டுக்காரர் கீழே நின்றிருந்தார். “என்ன வாத்தியாரே, ஒங்களக் கண்டா மட்டும் பெட்டிப் பாம்பா கெடக்கு. பேசாம நீங்களும் இங்கயே குடி வந்துர்றீகளா?”

அந்த ஞாயிற்றுக்கிழமை, நாயை உசிலம்பட்டிப் பக்கம் தங்கள் தோட்டத்துக்கே கொண்டுபோய்விட அந்தப் பெண்ணின் அண்ணன் லோடு ஆட்டோவோடு வந்தார். ஏற்றிவிட என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். நான் ‘கம்’ என்றதும் நாய் தரையோடு ஒட்டிப் படுத்து மூத்திரம் பெய்துவிட்டது.

அந்தப் பெண் அதன் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தார். “வா கண்ணு, ஒண்ணுமில்ல.” எனக்கே சரியாகக் கேட்கவில்லை. நாய் எழுந்து அவர் பின்னால் போய் ஆட்டோவில் ஏறியது. “உக்காரு” என்றார். உட்கார்ந்தது.

“இப்படிச் சொன்னா கேக்குமா?” என்றேன்.

“வீட்டுக்குள்ள நாங்க இப்படித்தாண்ணே பேசிக்கிருவோம்.”

“மொதல்லயே சொல்லிருக்கலாமேம்மா.”

“திட்டுவீகளோன்னு பயமா இருந்துச்சு.”

ஆட்டோ கிளம்பிவிட்டது. என்னைக் கண்டு இதுவரை யாரும் பயந்ததாக எனக்குத் தெரியாது. மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். “வாரேம்மா” என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். இனி அந்த வீட்டில் எனக்கு வேலை இல்லை.